காய்ச்சல் எத்தனையாவது நாள்? உண்ணிக் காய்ச்சல் பரிசோதனையில் முதல் கேள்வி

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. ஆறு நாளாகக் காய்ச்சல், கடுமையான தலைவலி. இரண்டாம் நாள் எடுத்த டெங்கு என்எஸ்1 நெகட்டிவ். டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனையில் ஓ 1:80 வந்ததால் டைபாய்டு என்று சொல்லி செஃபிக்சைம் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நான்கு நாள் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை. இப்போது வேறொரு டாக்டர் ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்) பரிசோதனை எழுதியிருக்கிறார். மறுபடியும் ரத்தம் கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஊசி குத்துவதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் அப்பாவின் உடம்பைத் தலை முதல் கால் வரை பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் வேட்டி இறுகும் இடம், பிட்டம், காதின் பின்புறம், விதைப்பை என்று ஓர் இடம் விடக்கூடாது. பீடி நெருப்பு சுட்டதுபோல நடுவில் கருத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்பு வளையமும் இருந்தால், அதுதான் 'எஸ்கார்'. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. கூச்சத்தால் பார்க்காமல் விடுவதும் உண்டு. அது இருந்தால் நோயைப் பெரும்பாலும் அங்கேயே முடிவு செய்துவிடலாம். இல்லாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பலருக்கு அது வருவதேயில்லை.

பெயர் உண்ணிக் காய்ச்சல் என்றாலும் மாட்டில் ஒட்டும் உண்ணிக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் லார்வா கடிப்பதால் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உடலில் ஏறுகிறது. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அளவுதான் இருக்கும். கடித்து ஏறக்குறைய 10 நாள் கழித்துக் காய்ச்சல் தொடங்கும். களை மண்டிய தோட்டத்தில் விடியற்காலையில் மரம் மரமாக நடப்பவருக்கு இந்தச் சந்தேகம் முதல் வரிசையிலேயே வர வேண்டும்.

இனி ரத்தப் பரிசோதனை. ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலிசா என்பது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது அளக்கும் அளவுக்கு ஊறிவர ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். இரண்டாம் நாளே எடுத்திருந்தால் நெகட்டிவ் வந்து, எல்லோரும் நிம்மதியாகத் தவறான முடிவுக்குப் போயிருப்பார்கள். ஆறாம் நாளான இன்று எடுப்பது சரியான நேரம். இன்றும் நெகட்டிவ் என்றால் நான்கைந்து நாள் கழித்து ஒருமுறை கூட எடுக்கலாம். முதல் வாரத்தில் கிருமியையே காட்டுவது பிசிஆர்; எஸ்கார் இருந்தால் அந்தப் பொருக்கை எடுத்தே பிசிஆர் செய்யலாம். ஆய்வகச் சீட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதச் சொல்லுங்கள். பழைய வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனையை மட்டும் நம்ப வேண்டாம். உண்மையான நோயாளிகள் பலரை அது தவறவிடும்.

வைடாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் 1:80 வரலாம். அந்த ஒரு எண்ணை வைத்து டைபாய்டு என்பது ஊகம்தான். உறுதிசெய்ய மாத்திரை தொடங்கும் முன்பே 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் வைத்திருக்க வேண்டும். அதே சமயம், உண்மையான டைபாய்டிலும் செஃபிக்சைம் போட்டு நான்கைந்து நாள் காய்ச்சல் நீடிப்பதுண்டு. ஆகவே காய்ச்சல் விடவில்லை என்பதை மட்டும் வைத்து டைபாய்டை ஒதுக்க முடியாது. ஆனால் உண்ணிக் காய்ச்சல் என்றால் செஃபிக்சைம் எத்தனை நாள் கொடுத்தாலும் பயனில்லை. அந்தக் கிருமி செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது. வயல், ஓடை என்று தண்ணீரில் இறங்கியிருந்தால் எலிக்காய்ச்சல் ஐஜிஎம்மும், கூடவே மலேரியா ஸ்மியரும் சேர்த்து எடுக்கச் சொல்லலாம்.

ரிசல்ட் வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்றாகத் தொடங்குவார். வழக்கமாக ஏழு நாள். சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும் ஜெலூசில் போன்றவற்றையும் இதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, மருந்து உடலில் ஏறாது. பெரும்பாலானவர்களுக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். அப்படி இறங்காவிட்டால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது சிக்கல் தொடங்கியிருக்கலாம்.

மூச்சு வாங்குதல், புலம்பல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், ஆக்சிஜன் 94க்குக் கீழ் போதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மாத்திரையோடு வீட்டில் இருக்கக் கூடாது. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைபோல ஐசியூ உள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் அண்மை ஆராய்ச்சி உதவுகிறது. இந்தியாவில் ஏழு மையங்களில் தீவிர நோயாளிகளிடம் நடந்த 'இன்ட்ரெஸ்ட்' ஆய்வு 2023இல் வெளியானது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தபோது மரணம், ஏழாம் நாளும் தொடரும் சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று 33 சதவீதத்தினருக்கு இருந்தது; டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம். 28 நாள் மரணத்தை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. நடமாடும் நிலையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு இந்த இரட்டை மருந்து தேவைப்படாது.

குணமானபின் 'நோய் போய்விட்டதா' என்று ஐஜிஎம்மைத் திரும்ப எடுத்துக் காசைச் செலவழிக்க வேண்டாம். அது மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கும்.