மானியத்தை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. தனியார் நிறுவனத்தில் வேலை. கையில் 6 லட்சம் ரூபாய் சேமிப்பு, ஊரில் அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. 20 லட்ச ரூபாயில் ஆட்டுப் பண்ணை போட்டால் தேசிய கால்நடை இயக்கத்தில் 10 லட்சம் மானியம் கிடைக்கும் என்கிறார் ஒரு ஏஜென்ட். வங்கியில் 6 லட்சம் கடன், நான் 4 லட்சம் போட்டால் போதுமாம். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

பதில்: ஏஜென்ட் சொன்ன மானியத் தொகை சரிதான். 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணைக்குத் திட்டச் செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் தருகிறார்கள். ஆனால் அந்தப் பணம் எப்போது வரும் என்பதை அவர் சொல்லவில்லை. உங்கள் கணக்கு இடிப்பது அங்கேதான்.

மானியம் இரண்டு சம தவணைகளாக வரும். வங்கி கடனின் முதல் பகுதியைக் கொடுத்து, அது சரிபார்க்கப்பட்ட பிறகு முதல் 5 லட்சம். கொட்டகை கட்டி, ஆடுகள் வாங்கி, பண்ணை முழுமையாகிவிட்டது என்று அதிகாரிகள் பார்த்துச் சான்று தந்த பிறகுதான் அடுத்த 5 லட்சம். அதாவது 20 லட்சம் வேலையை 15 லட்சத்தை வைத்துக்கொண்டு முடித்துக் காட்ட வேண்டும். சேமிப்பில் உங்கள் பங்கு 4 லட்சம் போக மிச்சம் இருப்பது 2 லட்சம். அதையும் போட்டால்கூட இப்போதே 3 லட்சம் துண்டு விழுகிறது.

அப்புறம் தீவனம். இந்த மானியம் கொட்டகை, ஆடு, உபகரணம் போன்ற மூலதனச் செலவுக்கு மட்டுமே. நிலம் வாங்கவோ அன்றாடச் செலவுக்கோ கிடையாது. ஆட்டுக்கு நாளைக்கு 250 கிராம் அடர்தீவனம், கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலே 105 ஆடுகளுக்கு மாதம் சுமார் 23,600 ரூபாய் ஆகும். சினைக்காலம் ஐந்து மாதம். பிறந்த குட்டி விற்கிற எடைக்கு வர இன்னும் ஆறு மாதமாவது வேண்டும். ஆக, முதல் வருமானத்துக்கு முன்பே இரண்டரை லட்சம் தீவனத்துக்குப் போயிருக்கும். பசுந்தீவனம், கூலி, மருந்து, வங்கி வட்டி எதையும் நான் இதில் சேர்க்கவே இல்லை. சம்பளமும் நின்றுவிட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வீர்கள்?

ஆடு வளர்த்த அனுபவம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இத்திட்டத்துக்குப் பயிற்சியோ அனுபவமோ கட்டாயம். சான்றிதழை எப்படியும் வாங்கிவிடலாம்தான், ஆனால் ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் சான்றிதழைக் காட்டி அனுப்ப முடியாது. பத்து ஆடு மேய்க்காதவரை நேராக 105 ஆட்டுக்குத் தள்ளுவதுதான் இந்த மானியத்தில் எனக்குப் பிடிக்காத அம்சம். ஏனென்றால் அதற்குக் கீழே இதில் படியே இல்லை.

எனவே இப்போது வேலையை விடாதீர்கள். அப்பாவோ வீட்டில் வேறு யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியுமானால் 15, 20 ஆடுகளோடு தொடங்குங்கள். கால்நடை வளர்ப்புக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். ஆடுகளைக் காப்பீடு செய்துவிடுங்கள். 2024 முதல் பயனாளியின் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டுமே. இரண்டு ஈற்றுக் குட்டிகளை விற்று, இறப்பு எத்தனை, லாபம் எவ்வளவு என்று உங்கள் நோட்டுப் புத்தகமே சொல்லும். மானியம் இல்லாமலே அந்தக் கணக்கு நின்றால் பெரிய பண்ணைக்கு விண்ணப்பியுங்கள்.

வரி விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. ஆடு வளர்ப்பில் வரும் லாபம் வருமான வரிச் சட்டப்படி விவசாய வருமானம் அல்ல, தொழில் வருமானம். கொட்டகைக்கு வாங்கிய மானியத்தை அதன் அடக்கவிலையில் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் தேய்மானம் (ஆண்டுதோறும் குறையும் மதிப்பைச் செலவாகக் காட்டுவது) கோர முடியும். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

ஏஜென்ட் கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை இணையதளத்தில் நீங்களே போடலாம். மானியத்தைக் கூட்டுவதற்காகத் திட்ட அறிக்கையில் செலவை ஏற்றிக் காட்டலாம் என்று அவர் சொன்னால், அதற்கும் தலையாட்ட வேண்டாம். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் பதில் சொல்லப்போவது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான்.