ஷார்ட்கட்டும் மேக்ரோவும் என் மகனுக்குச் சோறு போடுமா?

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகன் ஜார்ஜ்டவுன் அச்சகமொன்றில் பகுதிநேரமாகப் பக்கம் அமைக்கிறார். வீட்டுக்கு வந்தாலும் ஷார்ட்கட் (விசைக் குறுக்குவழி), மேக்ரோ (பல படிகளை ஒரே கட்டளையில் அடக்குவது) என்று கணினியே கதியாக இருக்கிறார். இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து தம்பியைத் தடுக்காதீர்கள். ஆனால் அவர் எதைப் பழகுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

விசைகளை மனப்பாடம் செய்து வேகமாகத் தட்டுவது யாருக்கும் கைவந்துவிடும். அதற்காக எந்த முதலாளியும் சம்பளம் கூட்டமாட்டார். ஒரே வேலை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொண்டு, அதை ஒரு விசைக்குள் அடக்குவதுதான் திறமை.

நம் அச்சகங்களில் அதற்கு வேலை நிறையவே இருக்கிறது. கோயில் மலருக்கும் பள்ளி ஆண்டிதழுக்கும் வரும் பழைய கோப்புகள் பல, யூனிகோடு என்னும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. ஆகவே எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். அதிலும் கொ, கோ போன்றவற்றை முதலில் முடித்துவிட்டுத்தான் கெ, கே பக்கம் போகவேண்டும். மாற்றிச் செய்தால் திரையில் 'கொ' சரியாகவே தெரியும், ஆனால் தேடும்போது அகப்படாமல் போகலாம். இதைக் கையால் திருத்தினால் நாள்கணக்கில் ஆகும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், கிரெப் தேடல்களை (எழுத்து அமைப்பை வைத்துத் தேடி மாற்றுவது) வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் ஒன்று எழுதி, கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் பகுதியில் அதற்கொரு விசை கொடுத்துவிட்டால், மிஞ்சுவது மெய்ப்புப் பார்க்கும் வேலைதான். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் இதைச் செய்ய முடியாது. தம்பியின் பலம் அங்கேதான் இருக்கிறது.

வேர்டில் மேக்ரோவைப் பதிவு செய்யப் பொத்தான் உண்டு. இன்டிசைனில் அப்படி இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல் மொழியில் எழுதத்தான் வேண்டும். அதாவது, நீங்கள் பொழுதுபோக்கு என்று நினைப்பது நிரல் எழுதும் படிப்பின் வாசல். இன்டிசைனுக்குச் சந்தா கட்ட வசதியில்லையென்றால், அதே வேலைக்கான ஸ்கிரைபஸ் மென்பொருள் இலவசம். அதில் பைத்தான் என்னும் நிரல் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதலாம்.

சின்னச் செலவு ஒன்று சொல்கிறேன். இன்டிசைனில் பாராகிராஃப் ஸ்டைலுக்கு (பத்தியின் வடிவ அமைப்பு) விசை வைக்க எண் பலகை தேவை. பல மடிக்கணினிகளில் அது கிடையாது. யுஎஸ்பி எண் பலகை ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

சான்றிதழ் அவசியம்தான். எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் 3ஆம் நிலை வரை உண்டு, அதற்கு மேல் 4ஆம் நிலையில் டி.கே.எம். டிப்ளோமா. சேரும் முன் அந்தப் பயிற்சி மையத்துக்கு ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். "ஷார்ட்கட் வகுப்பு" என்று தனியாகப் பணம் கேட்டால் கட்டவேண்டாம்.

நேர்காணலுக்கு ஒரு கோப்பு தயாராகட்டும்: பழைய எழுத்துருவில் ஒரு பக்கம், மாற்றிய பின் அதே பக்கம், நடுவில் தம்பி எழுதிய ஸ்கிரிப்ட். அந்தப் பக்கங்களில் அச்சாகும் வாசகம் அவருடைய சொந்த வாசகமாக இருக்கட்டும். வாடிக்கையாளர் கோப்பை அச்சக முதலாளியைக் கேட்காமல் வெளியே எடுக்கக்கூடாது.