குதிரை மேயும் நிலத்தில் களை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மேய்ச்சல் நிலம் முழுக்கக் களை. எந்த மருந்து, எத்தனை மில்லி அடிக்கலாம்?

பதில்: என்ன களை? அகன்ற இலையா, புல்லினமா, கோரையா? இதைக்கூட எழுதாமல் மில்லிக் கணக்கு கேட்டால் நான் என்ன சொல்வது? 2,4-டி அகன்ற இலைக் களையைக் கொல்லும், புல்லை விட்டுவிடும். கிளைபோசேட் பச்சையாக எது நின்றாலும் கொல்லும், புல்லும் சேர்ந்து போகும். பூவும் இலையும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள், களை எது என்று பார்ப்போம். அளவு மருந்து டப்பாவின் லேபிளிலேயே இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி: வேலி ஓரத்தில் அரளி நிற்கிறது. என் குதிரைகள் அதை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பச்சையாக இருக்கும்போது கசப்பு தடுக்கிறது. உதிர்ந்து காய்ந்த இலை புல்லோடு கலந்துவிட்டால் குதிரைக்குப் பிரித்து ஒதுக்கத் தெரியாது. இருபது முப்பது இலை உள்ளே போனாலே இதயம் நின்றுவிடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வேரோடு எடுத்து, நிலத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். காய்ந்தாலும் நஞ்சு நஞ்சுதான்.

கேள்வி: கோரையைப் பிடுங்கப் பிடுங்க அதிகமாகிறதே?

பதில்: ஆகத்தான் செய்யும். மேலே பிடுங்கினால் கீழே தூங்கிக்கொண்டிருக்கும் கிழங்குகள் முளைக்கும். உழுதால் கிழங்கு நிலம் முழுக்கப் பரவும். கோரைக்கு நிழல் ஆகாது. புல்லை உயரமாக, அடர்த்தியாக வளரவிட்டால் அதுவே மெல்ல அடங்கும்.

கேள்வி: ஒரு ஏக்கரில் நான்கு குதிரைகள், இரவும் பகலும் அங்கேதான் இருக்கின்றன. வருடா வருடம் களைக்கொல்லி அடிக்கிறேன், வருடா வருடம் களை திரும்ப வருகிறது. இன்னும் வீரியமான மருந்து உண்டா?

பதில்: உங்கள் களைக்குக் காரணம் மருந்து வீரியமில்லாதது அல்ல, அந்த நான்கு குதிரைகள். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரம் இதே கடிதம் வேறொருவரிடமிருந்து வருகிறது. அதனால் இந்த முறை விரிவாகவே எழுதுகிறேன்.

மாடு நாக்கால் வளைத்துப் புல்லை அறுக்கும், அதனால் கொஞ்சம் மிச்சம் வைக்கும். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு. தரையோடு தரையாகச் சிரைத்துவிடும். அப்புறம் துளிர் விட்டதும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து அந்த இளம் துளிரைத்தான் முதலில் கடிக்கும். இலை இல்லாத புல் வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் மறுபடி துளிர்க்கிறது. இப்படி நாலைந்து முறை நடந்தால் வேர் சுருங்கி, புல் செத்து, வெறும் மண் தெரியும். வெறும் மண்ணை இயற்கை சும்மா விடாது, முதலில் கிடைக்கிற விதை முளைக்கும். ஒரு பார்த்தீனியச் செடியே பதினையாயிரம் விதைக்கு மேல் போடும். நீங்கள் மருந்தடித்து அதைக் கொன்றால் மறுபடி வெறும் மண், மறுபடி களை.

500 கிலோ குதிரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர் தீவனம் தின்னும். நான்குக்கு 40 கிலோ. அந்த ஒரு ஏக்கர் அதைத் தினமும் தருமா? நீங்களே கணக்குப் போடுங்கள். மேய்ச்சலையே நம்பினால் குதிரை ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு ஏக்கராவது வேண்டும். அவ்வளவு நிலம் இல்லையா, சரி, இருப்பதை நான்கு ஐந்து துண்டாகத் தடுத்துவிடுங்கள். புல் ஒரு சாண் உயரம் வந்ததும் உள்ளே விடுங்கள், நான்கு விரல் உயரத்துக்கு இறங்கியதும் வெளியே எடுங்கள். அடுத்து நான்கு முதல் ஆறு வாரம் அந்தத் துண்டில் ஒரு குளம்பும் படக்கூடாது. ஒரு துண்டைத் திடலாகவே ஒதுக்கி, புல் தேறாத நாட்களில் குதிரைகளை அதில் நிறுத்தி உலர்புல் போடுங்கள். இரண்டு பருவம் இப்படிச் செய்துவிட்டு, அப்போதும் களை நின்றால் மருந்தைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: காலையில் மருந்தடித்தால் மாலையில் குதிரையை விடலாமா?

பதில்: கூடாது! எத்தனை நாள் என்று லேபிளில் போட்டிருக்கும். நிலத்தில் நச்சுச்செடி இருந்தால் அந்த நாளும் போதாது. மருந்து பட்டு வாடும்போது சில களைகளில் சர்க்கரை கூடி, அதுவரை தொடாத செடியையும் குதிரை ஆசையாகத் தின்னும். செடி செத்து மக்கி மறையும்வரை, அல்லது நீங்கள் அள்ளி அகற்றும்வரை, உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: ரசாயனம் பிடிக்காது. உப்பும் வினிகரும் தெளிக்கலாமா?

பதில்: வினிகர் இலையைக் கருக்கும், வேர் பிழைத்துக்கொள்ளும். உப்பு மண்ணைக் கெடுக்கும், புல்லும் வராது. பூப்பதற்கு முன் அறுத்துவிடுவது இரண்டையும்விட நல்லது.

கேள்வி: லத்தி போடும் இடங்களில் மட்டும் களை ஆள் உயரம் நிற்கிறது.

பதில்: தான் லத்தி போட்ட இடத்தில் குதிரை மேயாது, அதனால் அங்கே எல்லாம் முற்றி விதைக்கிறது. வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளுங்கள், குடற்புழுவும் குறையும். குதிரை வெறுக்கும் அந்தப் புல்லை மாடு தின்னும் என்பதால் குதிரையையும் மாட்டையும் மாற்றி மாற்றி விடலாம். குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும்போதே பரம்படித்து லத்தியைப் பரப்பாதீர்கள், புழுவைத்தான் பரப்புவீர்கள்.

கேள்வி: குதிரை எரு போட்டதும் தக்காளி இலை சுருண்டு முறுக்கிக்கொண்டது. நோயா?

பதில்: நோயாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் உலர்புல் கொடுத்தவரிடம் அமினோபைராலிட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தாரா என்று கேளுங்கள். அது குதிரையின் வயிற்றில் சிதையாமல் லத்தியில் வெளியேறும், எருவிலும் பல மாதம் தங்கும். தக்காளி, அவரை, பயறு எல்லாம் அதற்குத் தாங்காது. அடுத்த முறை எருவில் நாலு அவரை விதை நட்டுப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் போடுங்கள்.

கேள்வி: வாங்கிய உலர்புல்லில் கிலுகிலுப்பைக் காய்கள் கிடக்கின்றன. பொறுக்கிவிட்டுப் போடலாமா?

பதில்: வேண்டாம். காயைப் பொறுக்கலாம், நொறுங்கிய இலையை எப்படிப் பொறுக்குவீர்கள்? அந்தப் புல்கட்டு முழுவதையும் ஒதுக்குங்கள். கிலுகிலுப்பையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கெட்டது வெளியே தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். தெரியும்போது பெரும்பாலும் மீட்க முடியாது. ஏற்கெனவே தின்றிருந்தால் இன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லி ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.