மாமா வீட்டில் எத்தனை மாதம்? கொழும்புக்குப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, 2003இல் கொழும்புக்குப் போனவள் நான். கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டு முன்னறையில் பாய் விரித்துத்தான் தொடங்கினேன். இன்று அதே கொட்டாஞ்சேனையில் என் வீட்டு முன்னறையில் 11 பிள்ளைகள் தங்கி, வேலை தேடிக்கொண்டு, தனி அறை பார்த்துப் போயிருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் வந்தவளைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கூச்சப்பட்டவர்கள் துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார்கள்.

மஸ்கெலியாத் தம்பி ஒருவர்: அக்கா, மாமா கொழும்பில் இருக்கிறார். 'வா, என்னோடு இரு' என்கிறார். எத்தனை நாள் தங்கலாம்? பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்வாரா?

மூன்று மாதம். அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம்.

மாமா மனதாரத்தான் கூப்பிடுகிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொழும்பில் அவருடைய வீடு நம் காம்பராவை, அந்த லயத்து அறையை, விடப் பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு ஒரே குளியலறைக்கு ஆறு பேர் நிற்பார்கள். லயத்திலாவது வெளியே பீலித் தண்ணீர் இருக்கிறது, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு விடலாம். அங்கே கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

போன அன்றே, 'மாமா, மூன்று மாதத்தில் அறை பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். 'அதெல்லாம் என்ன பேச்சு' என்று அவர் அதட்டுவார். அதட்டட்டும். தேதி காதில் விழுந்துவிட்டதல்லவா, அது போதும். முதல் சம்பளத்தில் பணத்தை மாமாவிடம் நீட்டாதீர்கள், அத்தையிடம் கொடுங்கள். மாமா வாங்கினால் அவருக்கு மரியாதைக் குறைவு. அரிசி என்ன விலை என்று தெரிந்தவர் அத்தைதான். அவரும் மறுத்தால் எரிவாயு தீரும் நாளைப் பார்த்துச் சிலிண்டரை மாற்றிக்கொண்டு வாருங்கள். சிலிண்டரை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

இதை நான் புத்தி சொல்லவில்லை, என் குற்றத்தைச் சொல்கிறேன். சித்தி வீட்டில் ஒரு வருடமும் ஏழு மாதமும் இருந்தேன். சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பினேன், எல்லோரும் மெச்சினார்கள். சித்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வீடு மாறிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தங்கை வாயிலிருந்து வந்தது: அந்தக் காலத்தில் தண்ணீர், மின்சாரக் கட்டணம் கட்டமுடியாமல் சித்தி தன் சீட்டைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். தங்கை காதுக்குத் தோடு வாங்க நினைத்துப் போட்ட சீட்டு அது.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: என்னென்ன பத்திரங்கள் கொண்டுபோக வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, பெயர்ச் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் 'இராமன்', அடையாள அட்டையில் 'ராமையா', பாடசாலைப் பதிவில் மூன்றாவதாக ஒன்று. தோட்டத்தில் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார், பதிந்தவர் சிங்கள எழுத்தில் பார்த்ததைப் பதிந்தார். ஊரில் இருக்கும்வரை இது யாருக்கும் தொந்தரவில்லை. கொழும்பில் வங்கிக் கணக்கு திறக்கப் போகும்போது தலை வெடிக்கும்.

அதனால் திருத்தத்தைப் பஸ் ஏறுவதற்கு முன் முடியுங்கள். தோட்டத்தில் அடையாள அட்டை விண்ணப்பத்தை உறுதிப்படுத்தத் தோட்ட அத்தியட்சகர் இருக்கிறார், உங்கள் தாத்தாவையும் தெரிந்த கிராம உத்தியோகத்தர் இருக்கிறார். கொழும்பில் உங்களை யார் என்று சொல்ல வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். அவர் பெரும்பாலும் வைப்பதில்லை. கடிதம் கொடுத்தால் வாடகைக்கு விட்டது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்.

பிறப்புச் சான்றிதழை லெமினேட் செய்யாதீர்கள். செய்தவர்கள் புதுப் பிரதி எடுக்க அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

இராகலைத் தம்பி: கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், மாதம் 25,000 ரூபாய். போகலாமா?

2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். 25,000 என்று ஒருவர் வாய் கூசாமல் சொல்கிறார் என்றால் மற்றக் கணக்குகளும் அப்படித்தான் இருக்கும். 'சாப்பாட்டுக்குக் கழித்துத்தான் இந்தத் தொகை' என்றால் அந்தக் கழிவைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள்.

இன்னும் மூன்று விடயம் கேளுங்கள். ஒன்று, நியமனக் கடிதம். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்கள் உரிமை. அதே சட்டம்தான் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று சொல்கிறது. கூடினால் மேலதிக நேரக் கொடுப்பனவு ஒன்றரை மடங்கு. இரண்டு, ஊழியர் சேமலாப நிதி. சம்பளம் 40,000 என்றால் உங்களிடமிருந்து 8 வீதம், அதாவது 3,200. முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம், 4,800. மாதம் 8,000 உங்கள் பெயரில் சேரவேண்டும். இதைத் தவிர ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் 3 வீதம் கட்ட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், பெயர் இருந்த அம்மா அப்பாவுக்கு இந்த நிதியைப் பற்றி நன்றாகத் தெரியும். கடைக்குப் போன பிள்ளைகள்தான் 'கையில் வந்தால் போதும்' என்று விட்டுவிடுகிறார்கள். கட்டவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், நாரஹேன்பிட்டையில் இருக்கிறது.

மூன்றாவது, படுக்கும் இடத்தை இரவில் போய்ப் பாருங்கள். எல்லாக் கடை மாடியும் பகலில் நன்றாகத்தான் இருக்கும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு 15 வயது. தெரிந்த உறவுக்காரர் மூலம் கொழும்பில் நல்ல வீட்டில் வேலை இருக்கிறதாம். நீங்கள் விசாரித்துச் சொல்ல முடியுமா?

அம்மா, விசாரிக்க மாட்டேன். அனுப்பாதீர்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 2021இல் டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெட்டியில் ஊர் திரும்பியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கேயும் நடுவில் ஒரு தரகர் இருந்தார். கூட்டிப்போகிறவர் உறவுக்காரர் என்பதால் வீட்டுக்காரர் உறவாகிவிட மாட்டார். மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதட்டும். ஏற்கெனவே அனுப்பிவிட்ட பிள்ளைகள் யாராவது இருந்தால் 1929க்கு அழையுங்கள்; சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் எண்.

நானுஓயாவிலிருந்து ஒருவர்: மனைவி ஐந்து மாதம். கொழும்புக்குக் கூட்டிப்போகலாமா?

போகலாம், கர்ப்பிணி அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அந்தப் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சியிடம் பதியுங்கள். கினிகத்தேனை வளைவுகளில் முன் இருக்கை கேளுங்கள்.

ஹட்டனிலிருந்து: தங்குவதற்கு வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா, வத்தளையா?

வேலை எங்கேயோ அங்கே. வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கும் சேர்த்து வாடகை வாங்குவார்கள். கொட்டாஞ்சேனையில் இடுக்கு, சத்தம், ஆனால் நம் ஆட்கள். புறக்கோட்டைக்கு நடந்தே போகலாம். வத்தளையில் வாடகை குறையலாம், மிச்சம் பிடித்ததைப் பஸ்ஸுக்கும் நெரிசலுக்கும் கொடுப்பீர்கள். வெள்ளவத்தை வழியாகப் போகும் காலி வீதிப் பக்கம் வேலை என்றால், கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து மட்டக்குளியிலிருந்து 155ஆம் இலக்கப் பஸ் இருக்கிறது. எதுவானாலும் மழை பெய்யும் நாளில் போய் வீடு பாருங்கள். மலையில் தண்ணீர் ஓடிவிடும், அங்கே நின்றுவிடும்.

நோர்வூட்டிலிருந்து ஒரு பெரியவர்: பிள்ளை, மூன்று மகன்களும் கொழும்பில். எங்களையும் வரச் சொல்கிறார்கள். காம்பராவைப் பூட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும்?

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். காம்பரா நமக்குச் சொந்தமில்லை, தோட்ட வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில் இருக்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. எல்லோரும் போய்க் கதவில் பூட்டுத் தொங்கினால் பேச்சு எழும். நாம் இந்த மலைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். படுக்கும் அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள் இன்னும் ஏராளம்.

காணியோடு தனி வீடு கிடைக்கும் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் அசையாதீர்கள். இல்லாவிட்டாலும் ஒரேயடியாகப் போகவேண்டாம். ஆச்சியை முதலில் ஒரு மாதம் அனுப்பிப் பாருங்கள். என் அம்மாவை இரண்டு முறை கூட்டிப்போனேன். இரண்டு முறையும் பதினைந்தாவது நாள், 'வேர்த்தே செத்துப்போவேன், என்னைப் பஸ் ஏற்றிவிடு' என்றார். அவிசாவளை தாண்டி மலை தெரிந்ததும்தான் பேசவே தொடங்கினார்.

சிங்களம் பேசத் தெரியாமல் கொழும்பில் எப்படி என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

பஸ்ஸிலும் சந்தையிலும் தானாக வரும். பயப்பட வேண்டியது வாடகை ஒப்பந்தத்துக்கு. சிங்களத்தில் இருந்தால் வாசித்துக் காட்ட ஆள் கூட்டிப்போங்கள். முற்பணம் எத்தனை மாதத்துக்கு, திருப்பித் தருவது எப்போது, இந்த இரண்டு வரியையும் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு துண்டுக் காகிதம், பெயரில்லை: அக்கா, உங்கள் முன்னறை இப்போது காலியா?

இல்லை. லிந்துலைப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், பெப்ரவரி கடைசியில் அறை மாறுகிறாள். மார்ச் முதலாம் தேதி வா. மே 31 உன் கடைசி நாள். வரும்போது நல்ல தூளாகக் கால் கிலோ தேயிலை கொண்டுவா, கொழும்புக் கடையில் விற்பது குடிக்க முடியவில்லை. எரிவாயு சிலிண்டரை யார் மாற்றுவது என்று வந்த பிறகு பேசிக்கொள்வோம்.