தந்தி மேடை: பாடாத பாடகரும் பள்ளத்தூர்த் தகப்பனாரும்

(மெல்லிசை மேடைகளில் கிட்டார் வாசித்து, இப்போது காரைக்குடியில் வகுப்பு எடுக்கும் நம் பத்தியாளர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன், பிராட் பெய்ஸ்லி என்ற அமெரிக்கப் பாடகரின் ‘பிளே’ என்னும் ஆல்பத்தை அனுப்பி, “அப்பச்சி, கட்டாயம் கேளுங்கள்” என்றான். பாடகர் என்கிறார்கள், முக்கால்வாசி நேரம் மனிதர் வாயே திறக்கவில்லை. வெறும் கிட்டார். இது என்ன கணக்கு?
– ஒரு தகப்பனார், பள்ளத்தூர்

உங்கள் மகனுக்கு நல்ல காது. கணக்கு என்று நீங்களே கேட்டுவிட்டதால் கணக்காகவே சொல்கிறேன். அந்த ஆல்பம் ஒரு பற்றுவரவுப் பேரேடு. யாரிடமிருந்து என்ன வாங்கினேன் என்று ஒரு வாசிப்பாளர் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்.

‘பிளே’ 2008 நவம்பரில் வெளிவந்தது. பெய்ஸ்லிக்கு அப்போது 36 வயது. மேற்கு வர்ஜீனியாவில் கிளென் டேல் என்ற சிற்றூரில் பிறந்தவர். எட்டு வயதில் முதல் கிட்டாரை வாங்கிக் கொடுத்தவர் தாய்வழித் தாத்தா. ரயில்வேயில் வேலை பார்த்தவர். (பேரனுக்கு ஐயா வாங்கித் தருவது வீண்போகாது என்பதற்கு நம் ஊரிலும் சாட்சி நிறைய உண்டு.) பின்னாளில் கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசையில் பாடகராகப் பெயர் பெற்று, பாட்டுக்குப் பாட்டு முதலிடம் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் இந்த ஆல்பத்தைப் போட்டார். காசு கொடுத்தவர்கள் கேட்டது அவர் குரலை. அவர் எடுத்துவைத்தது கிட்டாரை. நாலைந்து பாட்டுகளில்தான் குரலே வருகிறது. மற்றதெல்லாம் விரலின் வேலை.

அந்த நாலைந்தில் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸ் 2006இல் காலமானவர்; அவர் பாடிவைத்திருந்த பதிவை எடுத்து, அதனோடு சேர்ந்து பாடுகிறார் பெய்ஸ்லி. ஸ்டீவ் வாரினரோடு பாடும் பாட்டு, இருவரும் தங்களுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர்களை நினைத்துப் பாடுவது. வாரினருக்கு வழிகாட்டி, கிட்டார் மேதை செட் அட்கின்ஸ். பி.பி. கிங் வந்து, கறுப்பின அமெரிக்கர்களின் இசையான ப்ளூஸ் பாடுகிறார். கிங் பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வராது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். குரல் ஒரு வரி, கிட்டார் ஒரு வரி. அந்தக் கிட்டார் வரியைத் தனியாகக் கேளுங்கள். ஒற்றைத் தந்தி, ஒற்றைச் சுரம், அதில் ஒரு நடுக்கம். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ‘கார்டு’ எதுவும் கிடையாது. பெய்ஸ்லி பக்கத்தில் நின்று அடக்கமாகவே வாசிக்கிறார். பெரியவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது அவரைப் பேசவிட வேண்டும் என்பது தெரிந்த பிள்ளை.

‘பிளே’ கேட்டேன். கடற்கரை ஊர்களின் சர்ஃப் இசை, ஜாஸ், ராக், ப்ளூஸ், கடைசியில் கிறிஸ்தவப் பக்திப் பாடல் என்று ஆள் தாவிக்கொண்டே இருக்கிறார். எல்லாம் தெரியும் என்று வித்தை காட்டுகிறாரோ?
– ஒரு வாசகர், தேவகோட்டை

கொஞ்சம் காட்டுகிறார்தான். எரிக் ஜான்சன் என்ற கிட்டார் கலைஞருக்கு வணக்கம் வைப்பதுபோல் ஒரு ராக் உருப்படி இருக்கிறது. வேகம் பிரமாதம், சுத்தம் பிரமாதம், எனக்கு ஒட்டவில்லை. ஜான்சனின் ஒலியில் இருக்கும் வழவழப்பு அவருடையது. அதை வேறொருவர் போட்டுக்கொண்டால் இரவல் சட்டை என்று தெரிந்துவிடுகிறது. லெஸ் பாலுக்காக வாசித்ததில் அந்தக் குறை இல்லை. மின்கிட்டாரையும், ஒரே ஆள் பல தடங்களில் பதிவு செய்யும் முறையையும் வளர்த்த மனிதர் லெஸ் பால். அவர் உயிரோடு இருக்கும்போதே இந்த மரியாதை நடந்தது. அடுத்த ஆண்டு, 2009இல், அவர் போய்விட்டார்.

ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்தது மனைவி கிம்மின் பெயரையே வைத்து வாசித்த மெதுவான உருப்படி. சுரத்துக்குச் சுரம் இடம் விட்டு வாசிக்கிறார். அந்த இடைவெளியில் தப்பிக்க வழியில்லை. விரல் சரியாக விழவில்லை என்றால் ஊருக்கே கேட்கும்.

ஆனால் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியது ‘கிளஸ்டர் பிளக்’. ஜேம்ஸ் பர்ட்டன், வின்ஸ் கில், ஆல்பர்ட் லீ, ஜான் ஜார்கன்சன், பிரென்ட் மேசன், ரெட் வோல்கார்ட், ஸ்டீவ் வாரினர் ஆகிய ஏழு பேரும் பெய்ஸ்லியும் மாறி மாறி வாசிப்பது. கன்ட்ரி கருவியிசைக்கான கிராமி விருது 2009இல் இதற்குக் கிடைத்தது. இதில் பர்ட்டன் யார் தெரியுமா? எல்விஸ் பிரெஸ்லிக்கு 1969 முதல் 1977 வரை மேடையில் பக்கத்தில் நின்று வாசித்தவர். அவர் கையில் இருந்தது, மாங்காய்ப் புட்டா போட்ட இளஞ்சிவப்பு டெலிகாஸ்டர் என்ற மின்கிட்டார். நம் பட்டுப் புடவையில் வருமே, அதே மாங்காய், காகிதத்தில் அச்சிட்டு மரத்தில் ஒட்டியது. ஃபெண்டர் கம்பெனி 1968, 69 வாக்கில் செய்தது. பெய்ஸ்லியின் பேர்போன கிட்டாரும் அதே மாங்காய் போட்ட 1968 டெலிகாஸ்டர். இத்தனை கடன்பட்டவர் கடன்கொடுத்தவர்களை எல்லாம் ஒரே அறைக்குள் அழைத்து உட்காரவைத்துவிட்டார். அதை வித்தை காட்டுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எட்டுப் பேரும் கிட்டத்தட்ட ஒரே வகைக் கிட்டாரை வைத்து ஏறக்குறைய ஒரே வகையில்தான் கிள்ளுகிறார்கள். பெரும்பாலும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிளக்ட்ரம் என்னும் மீட்டுத் தகடு. நடுவிரலும் மோதிரவிரலும் தந்தியைத் தூக்கி விடுகின்றன, தந்தி பலகையில் பட்டுத் தெறிக்கிறது. இடதுகை அதே கணம் பிடியைத் தளர்த்திவிடுவதால் ஒலி நீளாமல் ‘டக்’கென்று நிற்கிறது. இருந்தும் எட்டுக் கையும் எட்டு விதம். மூன்று நாள் கேட்டால் பெயர் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடலாம். பர்ட்டன் மற்றவர்களைவிடக் குறைவாகவே வாசிப்பார்.

வீணை கற்றவள் நான். பெய்ஸ்லி கிட்டாரில் சில இடங்களில் ஒரு சுரம் மட்டும் மெல்ல வழுக்கி ஏறுகிறது, மற்ற தந்திகள் அசையாமல் நிற்கின்றன. வீணை இழுப்பு போலவும் இருக்கிறது, இல்லாததுபோலவும் இருக்கிறது. எப்படிச் செய்கிறார்?
– ஒரு வாசகி, காரைக்குடி

இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையது. வீணையில் மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள். இழுப்பது உங்கள் விரல். இங்கே இழுப்பது தோள். கிட்டாரைத் தோளில் மாட்டும் வாருக்கான பொத்தானை உள்ளே ஒரு நெம்புகோலோடு இணைத்திருப்பார்கள். கிட்டார் கழுத்தைக் கீழ்நோக்கி அழுத்தினால் வார் இறுகும், நெம்புகோல் நகரும், ஒரே ஒரு தந்தி மட்டும் ஒரு முழுச்சுரம் ஏறும். கையை எடுத்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். 1960களின் பிற்பகுதியில் ஜீன் பார்சன்ஸ், கிளாரன்ஸ் வைட் என்ற இருவர் இரண்டாவது தந்திக்காக இதைச் செய்தார்கள். பெய்ஸ்லி மூன்றாவது தந்தியை இழுக்கும் வகையைப் பயன்படுத்துகிறார். ஏறும் தூரம் முன்கூட்டியே திருகிவைத்தது என்பதால் உங்கள் வீணையில் வரும் கமகத்தின் நெளிவு இதில் வராது. ‘இல்லாததுபோலவும்’ என்று எழுதினீர்களே, உங்கள் காது பிடித்தது அதைத்தான்.

நீங்கள் இருப்பது காரைக்குடி. வீணைச் சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வாழ்ந்த ஊர். அண்ணன் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். தம்பி 1952இல் சங்கீத கலாநிதி. வாய்ப்பாட்டுக்குத் துணையாக இல்லாமல், வீணையே கச்சேரி என்று அவர்கள் உட்கார்ந்தார்கள். “சொல் இல்லாத இசை நமக்கு ஒட்டுமா?” என்று கோட்டையூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே பதில்.

பேரன் முழுப்பரீட்சை விடுமுறைக்கு வந்து உள்முற்றத்து வளவில் உட்கார்ந்து மின்கிட்டார் வாசிக்கிறான். ஒன்று வாசித்தால் நாலாகக் கேட்கிறது. எனக்குத் தலைவலி. வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை.
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

ஆச்சி, குற்றம் பேரனுடையது இல்லை, உங்கள் மாமனார் கட்டிய வீட்டுடையது. ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்குத் தூண். ஒலியைக் குடிக்கிற பொருள் ஒன்றுகூட அங்கே இல்லை. சர்ஃப் இசைக்காரர்கள் இந்த எதிரொலிக்காகத்தான் சுருள்கம்பி வைத்த ஒரு பெட்டி வழியே கிட்டார் ஒலியை அனுப்பினார்கள். ‘பிளே’யில் அந்த வகையில் ஓர் உருப்படி இருக்கிறது. உங்கள் வளவில் அது சும்மாவே கிடைக்கிறது. அவன் ஒலிபெருக்கிப் பெட்டியில் ‘ரிவெர்ப்’ என்று ஒரு திருகு இருக்கும்; அதைச் சுழியில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் மடித்த ஜமுக்காளத்தின் மேல் வைக்கட்டும். இரண்டாம் கட்டுக்குப் போய் வாசித்தால் இன்னும் நல்லது. நெல் மூட்டை கிடந்தால் மிகவும் நல்லது. பிற்பகலில் நீங்கள் கண்ணயரும் நேரம் மட்டும் தடை போடுங்கள். அதற்குமேல் நான் பேரன் கட்சி.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கிட்டார் கிடைத்தால் மகளுக்கு வாங்கலாமா? புதியது விலை அதிகம்.
– ஒருவர், புதுவயல்

பார்த்து வாங்கலாம். கிட்டாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கழுத்தின் ஓரத்தை ஒரு கண்ணால் பாருங்கள். முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள்: ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி, சுண்டுவிரல் நுழைந்தால் கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வந்ததற்கு அங்கேயே எனாமல் தூக்குச்சட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். அதில் ஏமாற அவ்வளவாக ஒன்றும் இல்லை.