படம் திக்குதா? ராம் வாங்க ஓடாதீர்கள்!

கேள்வி: மகள் கல்யாண வீடியோவை ஸ்டுடியோவில் 4கே தரத்தில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். ஹாலில் 4கே டிவியோடு மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரில் (இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10, வி.எல்.சி. பிளேயர்) போட்டால் கெட்டிமேளம் அது பாட்டுக்குக் கேட்கிறது, மாப்பிள்ளை கை தாலியோடு அப்படியே நிற்கிறது. பழைய படங்கள் நன்றாகத்தான் ஓடுகின்றன. கடையில் ராமை 16 ஜிபி ஆக்கச் சொல்கிறார்கள். ஆக்கட்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். வீடியோ ஓட 8 ஜிபி தாராளம். சத்தம் தடையில்லாமல் வந்து படம் மட்டும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் டீகோடிங்கில்தான் சிக்கல். சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துக் காட்ட கிராஃபிக்ஸ் சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. எந்தெந்த ஃபார்மட்டைப் பிரிக்க வேண்டும் என்பது சிப் தயாராகும்போதே முடிவாகிவிடும், அப்புறம் ராமைக் கூட்டினாலும் விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அது மாறாது. உங்கள் சிப் 2013-இல் வந்த ரகம். ஹெச்.264 என்ற பழைய ஃபார்மட் அதற்கு அத்துப்படி, பழைய படங்கள் ஓடுவது அதனால்தான். நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10-பிட் ஹெச்.265 (ஹெச்.இ.வி.சி. என்பதும் இதுதான்) இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் ஒழுங்காக வந்தது. சிப்புக்குத் தெரியாத ஃபார்மட் என்றால் மொத்த வேலையும் சிபியு தலையில் விழும். 4கே-யில் அதற்கு மூச்சு முட்டும்.

இது என் ஊகம்தான், நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு 90, 100 என்று எகிறுகிறதா, ஜிபியு-வில் (கிராஃபிக்ஸ் சிப்) ‘வீடியோ டீகோட்’ என்ற கோடு தரையோடு கிடக்கிறதா என்று பாருங்கள். வி.எல்.சி.யின் டூல்ஸ் மெனுவில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ போனால் ஃபார்மட்டும் தெரிந்துவிடும். அங்கே ஹெச்.264 என்று இருந்தால் நல்ல செய்தி, ஏனென்றால் அதைப் பெரும்பாலும் உங்கள் சிப்பே பார்த்துக்கொள்ளும்: பிரிஃபரன்சஸில் ‘ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங்’ முடக்கப்பட்டிருக்கலாம், அதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரையும் அப்டேட் செய்யுங்கள்.

ஹெச்.265 என்றால், முதலில் காசு செலவில்லாத வழி. பென் டிரைவை டிவியின் யுஎஸ்பி துளையிலேயே செருகிப் பாருங்கள். 4கே டிவிக்குள் பெரும்பாலும் ஹெச்.265 டீகோடர் இருக்கும், கம்ப்யூட்டரே தேவைப்படாது. அது சரிவராவிட்டால் ஸ்டுடியோவில் 1080பி (ஃபுல் ஹெச்.டி.), ஹெச்.264-இல் இன்னொரு காப்பி கேளுங்கள். சீக்கிரம் கேளுங்கள், அடுத்த முகூர்த்த சீசன் வந்தால் டிஸ்கில் இடம் வேண்டும் என்று உங்கள் ஃபைல்களை அழித்துவிடுவார்கள். அவர்கள் கையை விரித்தால் ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்பதைத் தேர்ந்தெடுத்து ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இல்லை, 4கே-யாகவே கம்ப்யூட்டரில் பார்க்கவேண்டும் என்றால் என்விடியா ஜிடி 1030 மாதிரி ஒரு சின்ன கார்டு போதும். கடையில் விலை குறைவு என்று ஜிடி 710-ஐ நீட்டினால் வாங்காதீர்கள், அதற்கும் ஹெச்.265 தெரியாது, காசு போனதுதான் மிச்சம். கார்டு போட்டபின் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளைக் கார்டிலேயே செருகவேண்டும். பழக்கதோஷத்தில் மதர்போர்டில் செருகிவிட்டு ‘கார்டு போட்டும் அப்படியே இருக்கிறது’ என்று எழுதுகிறவர்கள் நிறைய.

கேள்வி: எங்களுடையது போன வருஷம் வாங்கிய மினி பிசி. படம் ஓடும்போது சிபியு சும்மாதான் இருக்கிறது. ஆனாலும் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் தத்தித் தத்திப் போகிறது. உன் கண்ணில்தான் கோளாறு என்கிறார் கணவர்.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை, கணவரிடம் சொல்லிவிடுங்கள். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். விண்டோஸ் டிவிக்கு அனுப்புவது வழக்கமாக 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 தடவை (இதுதான் ரெஃப்ரெஷ் ரேட்). 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வரும், அரை ஃபிரேம் காட்ட முடியாதே, அதனால் ஒரு ஃபிரேம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறிக் காட்டுகிறது. அதாவது ஒன்று 33 மில்லி விநாடி நிற்கும், அடுத்தது 50. முகத்தைக் காட்டும்போது தெரியாது. ரயில் ஜன்னல் வழியாக வயல்வெளி ஓடும் காட்சியில் பளிச்சென்று தெரியும்.

‘கோடி’ (Kodi) என்ற வீடியோ பிளேயர் வைத்திருந்தால் செட்டிங்ஸில் பிளேயர், வீடியோஸ் பகுதிக்குப் போய் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்’ என்று வையுங்கள். படத்தின் வேகத்துக்கு டிவியையே மாற்றிவிடும். ஆரம்பத்தில் திரை ஒரு கணம் கறுத்து வரும், பயப்படவேண்டாம். பல ஃபைல்களில் வேகம் 24 இல்லை, 23.976. அதை டிவி சரியாக 24-இல் ஓட்டினால் சுமார் 42 விநாடிக்கு ஒருமுறை லேசாக ஒரு துள்ளல் வரும். விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 23, 24 இரண்டும் இருக்கிறதா பாருங்கள், 23 என்று காட்டுவதுதான் அந்த 23.976. டிவி நிகழ்ச்சிப் பதிவுகள் நம் ஊரில் 25 ஃபிரேம் கணக்கு, அதற்கு 50 ஹெர்ட்ஸ். பிரவுசரில் பார்க்கும்போது ரெஃப்ரெஷ் ரேட் இப்படித் தானாக மாறாது, நீங்கள்தான் கையால் மாற்றவேண்டும்.

கேள்வி: மாடியறை கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை வைஃபை வழியாகக் கீழே ஹாலில் பார்க்கிறோம். சத்தம், படம் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன.
- வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டும் சேர்ந்து நின்றால் டேட்டா வந்து சேரவில்லை. அதே ஃபைலை ஹால் கம்ப்யூட்டரில் காப்பி செய்து போட்டுப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் குற்றவாளி வைஃபைதான். இரண்டரை மணி நேரப் படம் 30 ஜிபி என்றால் விநாடிக்குச் சராசரியாக 27 மெகாபிட் வேண்டும், சண்டைக் காட்சியில் அதைப்போல இரண்டு மடங்குகூடப் போகும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் அதற்குத் தாங்காது. மாடியிலிருந்து கேட் 5ஈ லேன் கேபிள் ஒன்று இழுத்துவிடுங்கள். புது ரவுட்டர் வாங்குவதைவிட மலிவு.