பழைய கிட்டாரின் 'கனிந்த' ஒலி: மரமா, கம்பியா?

மாமாவின் பழைய சிவப்பு லேபிள் யமஹா எஃப்ஜி-180, உங்கள் புது எஃப்ஜி800-ஐ விட மென்மையாக ஒலிக்கிறது, மரம் முதிர்ந்ததாலா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 180-இன் மேல்பலகை பிளைவுட். 2016-இல் வந்த 800-இல்தான் ஒற்றைப் பலகை ஸ்ப்ரூஸ் மரம். வாசிக்க வாசிக்க ஒலி திறக்கும், அதாவது நிறைவாகும் என்பார்களே, அது பெரும்பாலும் ஒற்றைப் பலகையைப் பற்றிய பேச்சு. அப்படிப் பார்த்தால் முதிர வேண்டியது உங்களுடையதுதான்!

முதலில் கம்பிகளைப் பாருங்கள். மாமா கடைசியாக எப்போது மாற்றினார்? சுற்றுக்கம்பிகளின் (உலோக இழை சுற்றிய தடித்த கம்பிகள்) இடுக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறினால் மேல் ஒலிகளின் பளிச் போய்விடும். அந்த மங்கலைத்தான் நான் இரண்டு வருடம் 'பழைய மரத்தின் இனிமை' என்று சொல்லித் திரிந்தேன்.

சரி, இரண்டிலும் ஒரே 11-52 கம்பி செட் (மெல்லிய கம்பி 0.011 அங்குலம், தடித்தது 0.052) போடுங்கள். பழசின் கழுத்துக்கு அதற்கு மேல் இழுவிசை வேண்டாம். 12-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பி 3 மி.மீ.க்கு மேல் உயர்ந்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அப்புறம் வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். வித்தியாசம் அப்போதும் இருந்தால், அது கட்டமைப்பின் வித்தியாசம். 800-இன் மேல்பலகையை உள்ளிருந்து தாங்கும் சட்டங்கள் செதுக்கி இலேசாக்கப்பட்டவை.